சித்தியின் பங்கு நெய் ரோஸ்ட்

என் ஒன்பதாவது வயதில், ஒரே ஒரு கோடை விடுமுறைக்குள், மூன்று தடவை ஹோட்டலுக்குப் போய் ஐந்து நெய் ரோஸ்ட் சாப்பிட்டவள் நான். நம் வயதுக்காரர்கள் இதை லேசில் நம்பமாட்டீர்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் நம் வீடுகளில் ஹோட்டல் பலகாரம் என்றால் காய்ச்சலில் படுத்தவர்களுக்கு வாங்கி வரும் இட்லிப் பொட்டலம்தான். அந்த இட்லிக்காகவே காய்ச்சல் வராதா என்று ஏங்கியவர்கள் உங்களில் பாதிப் பேராவது இருப்பீர்கள். நானோ காய்ச்சல், இருமல் ஒன்றும் இல்லாமல், பட்டுப்பாவாடை கட்டி, பஸ் ஏறி, ஊர் விட்டு ஊர் போய்ச் சாப்பிட்டேன். உண்மையில் ஆறு சாப்பிட்டிருக்க வேண்டும். ஆறாவது கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போனது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்; மற்ற ஐந்தும் கூடவே வந்துவிடுகின்றன.

எங்கள் வீடு ராஜபாளையத்தில், மில் சங்கு கேட்கிற தூரத்தில் இருந்தது. அப்பாவுக்கு மில்லில் ஷிப்டு வேலை. அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்களோடுதான் இருந்தாள். அவர்களைப் பெற்றவர்கள் போன பிறகு எங்கள் வீடுதான் அவள் வீடு. காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணியைச் சுருட்டிப் பொட்டலம் போடுகிற கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை. சாயங்காலம் வரும்போது தலைமயிரிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். நீலமும் வெள்ளையுமாக அவளே பின்னிய ஒயர் கூடையை ஆணியில் மாட்டிவிட்டு, முகம்கூடக் கழுவாமல், "யக்கா, என்ன இருக்கு?" என்று நேரே அடுப்படிக்குள் போவாள்.

சித்தி சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கும். சோற்றில் குழி பறித்து, குழம்பை ஊற்றி, மூடி, பிசைந்து, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிடுவாள். கடைசியில் ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டு "ஆங்" என்பாள். வயிறு நிறைந்தால்தான் அந்தச் சத்தம் வரும். அரைகுறையாகச் சாப்பிட்ட நாளில் வராது. அடுத்த அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும் எனக்கு, சித்தி சாப்பிட்டு முடித்தது அந்த "ஆங்" கேட்டுத்தான் தெரியும்.

அவளுக்கு அப்போது இருபத்தைந்து வயது. எங்கள் தெருவில் அந்த வயதுப் பெண்களுக்கு இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று பிள்ளைகள் இருந்தன. சித்திக்கு ஒரு மாப்பிள்ளை அமைய வேண்டும் என்பதுதான் அம்மாவின் ஒரே கவலை. அந்தக் கவலையைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டவர் மாமா, அதாவது அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணன். பக்கத்துத் தெருவில் இருந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் இரண்டு பேனா, எதற்கும் ஒரு திட்டம்.

வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தால் தெருவுக்கே தெரிந்துவிடும். பஜ்ஜி வாசனை போதும். வந்தவர்கள் வேண்டாம் என்று போய்விட்டால், "அந்த வீட்டுப் பொண்ணப் பாத்துட்டு வேண்டாம்னுட்டாகளாம்" என்ற பேச்சு ஒட்டிக்கொள்ளும். அதனால் மாமா ஒரு வழி செய்தார். அது அவருடைய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை, அந்தப் பக்கத்தில் பல வீடுகளில் செய்ததுதான். ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்கு நாங்கள் சாமி கும்பிடப் போவோம். அவர்களும் சாமி கும்பிட வருவார்கள். எதேச்சையாகச் சந்திப்போம். எதேச்சையாக ஹோட்டலில் போய் ஒரு காபி குடிப்போம். பிடித்தால் மேலே பேச்சு. பிடிக்காவிட்டால் ஆண்டாள் தரிசனம் ஆனதாக இருக்கட்டும்.

இதில் எனக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். அப்பா ஷிப்டுக்குப் போய்விடுவார். மாமா, அம்மா, சித்தி என்று மூன்று பேராக நல்ல காரியத்துக்குக் கிளம்பக் கூடாது. நான் நாலாவது ஆள். குழந்தையோடு போனால் பார்க்கிறவர்களுக்கும் சந்தேகம் வராது. என்னிடம் யாரும் விஷயத்தைச் சொல்லவில்லை. "பிள்ளைக்கு லீவுதான, கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவோம்" என்றார்கள். எனக்காகத்தான் இத்தனை ஏற்பாடும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

முதல் தடவை போனதில் எனக்குப் பஸ்தான் முதலில் நினைவில் நிற்கிறது. இடது பக்க ஜன்னல் எனக்கு. அந்தப் பக்கம்தான் மலை கூடவே வரும். என் பாவாடைக்குப் பாச்சா உருண்டை வாசனை. சித்தியின் தலையில் பிச்சிப்பூ. முன் சீட்டில் இருந்த மாமா திரும்பி உட்கார்ந்து சித்திக்குப் பாடம் சொல்லிக்கொண்டு வந்தார்.

"இங்க பாரு தாயி, அவிய முன்னால ஒரு வாய் ரெண்டு வாய் கொறிச்சுட்டுக் கைய வச்சிரு. பொம்பளப்பிள்ள தட்ட வழிச்சுத் திங்குதான்னு ஒரு பேச்சு வந்துரக் கூடாது."

"பசிச்சா?" என்று கேட்டாள் சித்தி.

"பசிச்சா வீட்ல வந்து சாப்பிடு. சோறு எங்க ஓடியா போவுது?"

காலையிலும் சித்தி சாப்பிடவில்லை. சாப்பிட்டால் சேலைக் கட்டில் வயிறு தெரியும் என்று அம்மா காபியோடு நிறுத்திவிட்டாள். சித்தி என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினாள். நானும் பதிலுக்கு இரண்டு கண்ணையும் சிமிட்டினேன், எனக்கு ஒற்றைக் கண் வராது.

கோயிலுக்குள் கண்ணாடிக் கிணறு இருக்கிறது அல்லவா, மாலையைச் சூடிக்கொண்டு ஆண்டாள் அழகு பார்த்ததாகச் சொல்வார்களே, அதன் பக்கத்தில்தான் சந்திப்பு. நாங்கள் போய் நின்று கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் ஒரு குடும்பம் வந்தது. "அடடே, நீங்களா! எங்க இம்புட்டு தூரம்?" என்று மாமா கையைத் தூக்கினார். அந்த "அடடே"யை அவர் அந்தக் கோடையில் மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் ஒரே மாதிரி, ஒரே இடத்தில் நின்று, ஒரே கையைத் தூக்கி. இப்போது நினைத்தால் சிரிப்பு அடங்கவில்லை.

ஹோட்டல் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில். வாசலில் தோசைக்கல். கல்லில் தண்ணீர் தெளிக்கும் 'சொய்ங்' சத்தத்திலேயே எனக்கு வாயில் எச்சில் ஊறிவிட்டது. உள்ளே ஹாலில் ஆண்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாமா எங்களை அதைத் தாண்டி, பூப்போட்ட திரை தொங்கிய ஃபேமிலி ரூமுக்குள் தள்ளிக்கொண்டு போனார். பளிங்குக்கல் மேசை, தொட்டால் ஜில்லென்று இருக்கும். கை துடைக்கச் சதுரமாக நறுக்கி ஆணியில் குத்திய செய்தித்தாள். எவர்சில்வர் தட்டில் வட்டமாக வெட்டிய வாழையிலை, அதன் மேல் கூம்பாகச் சுருட்டி நிறுத்திய நெய் ரோஸ்ட். அதை எந்தப் பக்கம் பிய்ப்பது என்று தெரியாமல் நான் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று வந்த மாப்பிள்ளை கண்ணாடி போட்டிருந்தார். பெரியவர்கள் மழை, பஞ்சு விலை, யாருக்கோ ஆன ஆபரேஷன் எல்லாம் பேசினார்கள். சித்தி இரண்டு வாய் பிய்த்துத் தின்றாள். பிறகு மேசை ஓரமாகவே தட்டை என் பக்கம் நகர்த்தினாள். "தின்னு" என்று வாயசைத்தாள். நான் தின்றேன். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. ஹோட்டல் தோசை சித்திக்குப் பிடிக்கவில்லை போலும், என் அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

வீடு திரும்பியதும் சித்தி சேலையைக்கூட மாற்றாமல் அடுப்படிக்குப் போய், நின்றுகொண்டே பழைய சோறும் ஊறுகாயும் சாப்பிட்டாள். அம்மா வாசற்படியில் சாய்ந்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அதையும் பார்த்தேன். ஆனால் அந்தச் சோற்றையும் என் தட்டுக்கு வந்த தோசையையும் சேர்த்துப் பார்க்கும் அறிவு எனக்கு இல்லை.

கண்ணாடிக்காரர் வீட்டிலிருந்து பதில் வரவில்லை. எனக்கு அந்தக் கதையே தெரியாது. இன்னொரு தடவை கோயிலுக்குப் போகிறோம் என்றதும் குதித்தேன். இந்தத் தடவை வந்தவர் பச்சைச் சட்டை. அதே கிணறு, அதே "அடடே", அதே ஹோட்டல், அதே திரை. மாமாவுக்கு வேறு ஹோட்டல் தெரியாது. புதுக் கடையில் சாம்பார் எப்படி இருக்குமோ, மாப்பிள்ளை வீட்டார் முன்னால் மானம் போய்விடக் கூடாது என்று பயம். இத்தனை திட்டம் போட்ட மனுஷனுக்கு, ஒரே கடைக்கு ஒரே பெண்ணை ஒரே விடுமுறையில் திரும்பத் திரும்பக் கூட்டிப் போகிறோமே என்று மட்டும் தோன்றவில்லை. சப்ளையருக்குத் தோன்றியது. அவர் சாம்பார் வாளியோடு வந்து என்னைப் பார்த்து, "பாப்பாவுக்கு இன்னைக்கும் ரெண்டா?" என்று சிரித்தார். மாமா முறைத்த முறைப்பில் அவர் வாளியோடு வெளியே போய்விட்டார்.

அன்று கிளம்பும் முன் ஆண்டாள் சன்னிதியில் நான் கண்ணை இறுக்க மூடி வேண்டிக்கொண்டேன்: அடுத்த வாரமும் வர வேண்டும், அதற்கடுத்த வாரமும் வர வேண்டும். பக்கத்தில் அம்மா வேண்டியது நேர் எதிராக இருந்திருக்கும். என் வேண்டுதல்தான் பலித்தது.

மூன்றாவது தடவை, பள்ளி திறக்க ஒரு வாரம் இருந்தபோது. மகாராஜபுரத்துப் பக்கம், தோட்டம் துரவு உள்ள குடும்பம். அம்மாவும் மகனும் மட்டும் வந்திருந்தார்கள். நல்ல இடம் என்று மாமா பஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். "இது கைகூடணும் தாயி. இத விட்டா நமக்கு இந்தத் தரத்துல அமையாது." அம்மா வழி நெடுக வாய்க்குள் ஏதோ ஜெபித்துக்கொண்டு வந்தாள். சித்தி ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வயிறு கடமுடவென்று சத்தம் போட்டது என் காதில் விழுந்தது. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அந்த மாப்பிள்ளையின் அம்மாவை எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. அகலமான முகம், காதில் பெரிய தோடு, என் கன்னத்தைக் கிள்ளாமல் தடவிக் கொடுத்த கை. மாப்பிள்ளை தலையைக் குனிந்தே இருந்தார். தோசை வந்தது. சித்தி இரண்டு வாய் தின்றாள். தட்டு மேசை ஓரமாக நகர்ந்து என்னிடம் வந்தது. என் தோசையில் பாதி இன்னும் பாக்கி இருந்ததால், சித்தியின் தட்டைப் பக்கத்தில் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

அந்த அம்மா அதைப் பார்த்துவிட்டார். "ஏம்மா, நீ சாப்பிடலையா? பிள்ளைக்குக் குடுத்துட்டியா?" என்று பிரியமாகத்தான் கேட்டார்.

சித்தி தலையைக் குனிந்தாள். பதில் சொல்ல யாரும் இல்லையே என்று நான் உதவிக்கு வந்தேன். என் சித்தியின் பெருமையைச் சொல்ல எனக்கு அதைவிட நல்ல நேரம் எப்போது கிடைக்கும்?

"சித்தி எப்பவும் எனக்குத்தான் குடுத்துரும்! போன மட்டம் பச்சச் சட்ட மாமா வந்தப்பவும் குடுத்துச்சு. அதுக்கு முந்துன மட்டம் கண்ணாடி போட்ட மாமா வந்தப்பவும் குடுத்துச்சு. இதே ரூமு, இதே மேச!"

மாமாவின் கை டவராவோடு பாதியில் நின்றது. அம்மா என் தொடையில் கிள்ளினாள். நெய்ப் பிசுக்கோடு நான் "ஆ" என்றேன். "அது சின்னப்பிள்ள, சும்மா வாயில வந்ததப் பேசும்" என்று மாமா சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. அந்த அம்மா என்னைப் பார்த்து, "அப்பிடியா கண்ணு" என்றார். பிறகு காபியைக் குடித்து முடித்து, எழுந்து, "ஊருக்குப் போயிட்டு லெட்டர் போடுதோம்" என்றார். மாமா அவர்களைப் பஸ் ஏற்றிவிடக் கூடவே ஓடினார்.

திரைக்குள் நாங்கள் மூன்று பேர். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்ன தப்பு செய்தேன் என்று தெரியாமல், ஆனால் பெரிய தப்பு என்று மட்டும் தெரிந்து, நான் தோசையில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

சித்தி சொன்னாள்: "ஏட்டி, அந்தத் தட்ட இங்கிட்டுத் தள்ளு."

தள்ளினேன். அவள் தட்டை நேராக வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள்.

"இப்பம் சாப்பாடுதான் கேக்குதாக்கும் ஒனக்கு?" என்றாள் அம்மா.

"பசிக்குக்கா. காலையில இருந்து பசிக்கு. போன மாசத்துல இருந்தே பசிக்கு."

சப்ளையர் திரையை விலக்கிப் பார்த்தார், கேட்காமலேயே சாம்பாரை ஊற்றிவிட்டுப் போனார். நானும் என் மீதிப் பாதியைத் தின்று முடித்தேன். சித்தி முறுகலான ஓரத்தைச் சட்னியிலும் நடுவில் நெய் ஊறிய பகுதியைச் சாம்பாரிலும் தொட்டு, நிதானமாக, முழுசாகச் சாப்பிட்டாள். தண்ணீர் குடித்தாள். "ஆங்" என்றாள். அந்த ஆறாவது நெய் ரோஸ்ட் அப்படித்தான் என்னைவிட்டுப் போனது.

பஸ் நிலையத்தில் மாமா என் காதைப் பிடித்துத் திருகினார். "அண்ணே, பிள்ள மேல கைய வைக்காதிய. அது பொய்யா சொல்லிச்சு?" என்று சித்தி என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். வீடு வரை அவள் மடியில்தான் இருந்தேன். ஒன்பது வயதுப் பிள்ளை மடியில் உட்கார்வதா என்று கண்டக்டர்கூடக் கேலி செய்தார்.

ஒரு வாரம் பத்து நாள் கழித்து மாமா ஒரு பை திராட்சையோடு வீட்டுக்கு வந்தார். உடனே என் தலையில் கோதுமை டப்பாவை ஏற்றி மாவு மில்லுக்கு அனுப்பினார்கள். மில்லில் கூட்டம். நான் தலையும் இமையும் வெள்ளையாகத் திரும்பி வந்தபோது மாமா போயிருந்தார். அம்மாவின் முகம் வீங்கியிருந்தது. சித்தி வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள். திராட்சைப் பை பிரிக்காமல் அலமாரியில் இருந்தது.

"அவிய லெட்டர் போடலியாம்மா?" என்று கேட்டேன்.

"நீ பேசுன பேச்சுக்கு லெட்டர் ஒண்ணுதான் கேடு" என்றாள் அம்மா.

அந்தத் திராட்சையை யாரும் தொடவில்லை. நைந்து, ஈ மொய்த்து, கடைசியில் மாட்டுத் தொட்டிக்குப் போனது. அதைத் தின்னாமல் விட்டது எனக்கு அப்போது பெரிய புதிராக இருந்தது.

அதன் பிறகு பெண் பார்க்கும் பயணங்கள் நின்றன. யாராவது சித்தியைப் பற்றிக் கேட்டால் அம்மா, "நல்ல எடம் வந்துச்சு. எங்க வீட்டு ரேடியோ வாயத் தொறந்துச்சு, போச்சு" என்பாள். கேட்கிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். மாமா எந்தக் கல்யாண வீட்டிலும் இதைச் சொல்லாமல் இலையை மடக்கியது இல்லை. எல்லோருக்கும் அது வேடிக்கை. சித்திக்கு வருஷம் ஏற ஏற எனக்கு அது வேடிக்கையாக இல்லை. வீட்டுக்கு ஆள் வந்தால் பின்கட்டுக்குப் போய்விடுவேன். வகுப்பில் விடை தெரிந்தாலும் கை தூக்கமாட்டேன். 'ரொம்ப அடக்கமான பிள்ளை' என்று டீச்சர்கள் அம்மாவிடம் புகழ்ந்தார்கள். ஒரு வார்த்தையால் ஒரு வாழ்க்கையைக் கெடுத்தவள் வேறு எப்படி இருப்பாள் என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

சித்தி என்னவோ இடிந்துபோய் உட்காரவில்லை. கம்பெனியில் சூப்பர்வைசர் ஆனாள். கூட வேலை பார்த்த பெண்களைச் சேர்த்து, வருஷத்துக்கு ஒரு தடவை வேன் பிடித்து குற்றாலம், கன்னியாகுமரி, திருச்செந்தூர் என்று கூட்டிப் போனாள். இருபது பெண்கள், ஒரே கூச்சல், ஜன்னலுக்கு வெளியே காயும் துண்டுகள். பொம்பளைகள் தனியாக டூர் போவதா என்று மாமா ஒரு வருஷம் பேசாமல் இருந்து பார்த்தார்.

பிளஸ் டூ முடித்து மதுரையில் கல்லூரியில் இடம் கிடைத்தபோது, சித்தி, "வா, நம்ம ரெண்டு பேரும் ஒரு நடை வில்லிபுத்தூர் போயிட்டு வருவோம்" என்றாள். தொண்ணூறுகள் பிறந்திருந்தன. அதே ஹோட்டல். பளிங்கு மேசைக்குப் பதில் சன்மைக்கா. நான் பழக்கத்தில் திரைப் பக்கம் திரும்பினேன். சித்தி ஹாலுக்கு நடுவில், ஃபேனுக்கு நேர் கீழே போய் உட்கார்ந்து ஒயர் கூடையை நாற்காலியில் வைத்தாள். இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். "ரெண்டு நெய் ரோஸ்ட்" என்றாள் சத்தமாக.

தோசை வந்தது. பாதி சாப்பிட்ட பிறகு கேட்டாள்: "நீ ஏன்ட்டி எவுக முன்னாலயும் வாயே தொறக்க மாட்டேங்க? காலேசுல போயி ஊமையாவா இருப்ப?"

எட்டு வருஷம் அடக்கியது அப்போது வெளியே வந்துவிட்டது. "நான் வாயத் தொறந்துதான சித்தி ஒன் கல்யாணம் கெட்டுப்போச்சு" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

சித்தியின் கை தட்டிலேயே நின்றது.

"லெட்டர் வந்துச்சுட்டி" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"பொண்ணப் பிடிச்சிருக்குன்னுதான் எழுதியிருந்தாவ. அந்த ஆத்தா சொல்லச் சொல்ல மகன் எழுதுன லெட்டரு. 'தான் சாப்பிடாம பிள்ளைக்குக் குடுக்க மனசு எல்லாருக்கும் வராது, இந்தப் பொண்ணுதான் எங்க வீட்டுக்கு வேணும்'னு. அண்ணன் திராட்சையோட வந்துச்சு பாரு, அதுக்குத்தான். வேண்டாம்னது நானு."

"ஏன் சித்தி? அந்த அம்மா நல்லவங்களாத்தான் இருந்தாங்க?"

"நல்லவியதான். ஆனா எனக்குப் பசிச்சுக்கிட்டுல்லா இருந்துச்சு? அதப் போயி நல்ல கொணம்னு எழுதியிருக்காவ. அந்த வீட்டுக்குப் போனா காலம்பூரா அந்தக் கொணத்தோடயே இருக்கணும். என்னால ஆவாதுன்னுட்டேன்."

சப்ளையர் சட்னி வைத்துவிட்டுப் போகும்வரை காத்திருந்து மீதியையும் சொன்னாள். பெண்ணே மாப்பிள்ளையை வேண்டாம் என்றாள் என்று வெளியே தெரிந்தால் அப்புறம் ஒருவனும் வாசல் மிதிக்கமாட்டான் என்று மாமா பயந்திருக்கிறார். பிள்ளை வாயால் கெட்டது என்று சொல்லிவிட்டால், பிள்ளைதானே என்று ஊர் சிரித்துவிட்டுப் போய்விடும். அம்மாவும் சரி என்றிருக்கிறாள்.

"நானுந்தான் சரின்னேன்" என்றாள் சித்தி. "நீ ரெண்டு நாள்ல மறந்துருவன்னு நெனச்சேன். வெளையாட்டுப் பேச்சாத்தான போய்க்கிட்டிருக்குன்னு இருந்துட்டேன். எம்புட்டு வருசம் ஒந்தலையில கட்டி வச்சிருக்கோம். தப்பு எம்மேலதான்."

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது கோபம். மூன்று பெரியவர்கள் சேர்ந்து, தங்களுக்குக் கனமான ஒன்றைத் தூக்கி ஒன்பது வயதுப் பிள்ளையின் தலையில், கோதுமை டப்பா மாதிரி, ஏற்றிவிட்டிருக்கிறார்கள். "எனக்கு வேண்டாம்" என்று தட்டைத் தள்ளினேன்.

சித்தி அதைத் திருப்பி என் பக்கம் வைத்தாள். "கோவப்படு. ஆனா பசியோட கோவப்படாத. அவுக அவுக தோசைய அவுக அவுக திம்போம்."

தின்றேன். அழுதுகொண்டே, அவளை முறைத்துக்கொண்டே தின்றேன். ஆனாலும் நன்றாக இருந்தது. வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் சண்டை போட்டேன். அம்மா என்றுமில்லாமல் பதில் பேசாமல் கேட்டுக்கொண்டாள். மாமாவிடம் நான் சண்டை போட வேண்டியிருக்கவில்லை. அடுத்த கல்யாண வீட்டில் அவர் அந்தக் கதையை ஆரம்பித்ததும் சித்தி பந்தியிலேயே எழுந்து நின்று, லெட்டரை வாசித்த மாதிரி ஒரு வரி விடாமல் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு அவளுக்கு மாப்பிள்ளை யாரும் வரவில்லை. அதை ஒரு குறையாக எழுத எனக்கு மனம் இல்லை, அவளும் அப்படிப் பேசியதில்லை. நான் வாத்தியார் வேலைக்குப் போய், முப்பது வருஷமாக வாய் மூடாமல் பேசிச் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் சித்தியை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப் போனேன். எழுபதை நெருங்குகிறாள். சர்க்கரை, மூட்டுவலி, கண்ணில் ஆபரேஷன். ஒயர் கூடை என்ன ஆனது என்று கேட்டேன், அவளுக்கே தெரியவில்லை. எங்கள் ஹோட்டல் இருந்த இடத்தில் செல்போன் கடை. வேறு ஒன்றில், ஏசி போட்ட ஹாலில் உட்கார்ந்தோம். ஆளுக்கு ஒரு நெய் ரோஸ்ட். சர்க்கரைக்கு ஆகாது என்று நான் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை.

பாதி சாப்பிட்டாள். பிறகு, மேசை ஓரமாகவே, தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

என் கை எழவில்லை. "ஏன் சித்தி, சாப்பிடலையா?" என்றேன்.

"போதும்டி."

"நெசமாவா?"

"இப்ப நெசமாத்தான் சொல்லுதேன்."

நான் நம்பாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தண்ணீரை எடுத்தாள். முன்னைப் போல அண்ணாந்து குடிக்கக் கழுத்து வளையவில்லை, வாய் வைத்து மெதுவாகக் குடித்தாள். தம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஆங்" என்றாள்.

அதன் பிறகுதான் தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.